காருக்கு ஒரு இஞ்ச் லூஸ்

“விட்டுடாதீங்க! பிடிச்சுக்கிட்டே இருங்க!”

காரின் அந்தப் பக்கத்திலிருந்து மனைவி கத்தியபோது, டெய்லர் முக்காலியின் மேல் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் எல் வடிவச் சாவி. இடது கையில், காரின் கூரையில் மாட்ட வேண்டிய கேரியரின் முன்கம்பி. கம்பியின் காலில் இருக்கும் கொக்கி, கதவுக்கு மேலே உள்ள சட்டத்தின் விளிம்பைக் கவ்வியிருக்க வேண்டும். கவ்வவில்லை. இன்னும் ஒரு திருகு கொடுத்தால் கவ்விவிடும் என்று நினைத்தார்.

கொடுத்தார்.

கொக்கி வழுக்கியது. கம்பி துள்ளியது. காரின் கூரையில் ‘ணங்’ என்று ஒரு சத்தம்.

எதிரே டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“என்ன சத்தங்க அது?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா எதிர்க்கடை வரைக்கும் கேக்குது?”

டெய்லர் கம்பியை மெதுவாகத் தூக்கினார். அவருடைய தையல் கடையின் முன்னே தகரச் சாய்ப்பின் நிழலில் கார் நின்றிருந்தது. வெள்ளிநிறம். அந்த நிழலில் கூரை முழுக்க ஒரே சாம்பலாகத் தெரிந்தது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். விரலில் எதுவும் படவில்லை. அவருக்கு மூச்சு வந்தது.

அவருடைய காராக இருந்தால் இவ்வளவு பதற்றம் இருந்திருக்காது. இது மச்சானுடைய கார். மனைவியின் அண்ணன். மருந்துக்கடை வைத்திருப்பவர். மாத்திரைகளை விரலால் தொடாமல் சின்னக் கரண்டியால் தள்ளித் தள்ளி எண்ணுகிற ஆள். காரைத் துடைக்கத் தனியாக ஒரு துணி, அந்தத் துணியைத் துவைக்கத் தனியாக ஒரு வாளி. அதனால் டெய்லர் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பட்டுத்துணி’. முன்பெல்லாம் அதை மச்சானின் முகத்துக்கு நேரேயே சொல்லிச் சிரிப்பார்.

இப்போது இரண்டு வருடமாகச் சொல்வதில்லை. இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சே இல்லை.

முந்தாநாள்தான் அந்த மௌனத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. பக்கத்து ஊரில் ஒரு மண்டபத்துக்கு மேடைத் திரை தைக்கும் ஆர்டர். கடைக்கு வந்ததிலேயே பெரியது. சிவப்பு வெல்வெட். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பதினேழு நாள் தைத்தார்கள். மடித்தால் வெல்வெட்டில் கோடு விழுந்துவிடும், பிறகு எந்த இஸ்திரிக்கும் போகாது என்பதால் ஒன்பதடிக் குழாயில் பாயைப்போல் சுருட்டி வைத்திருந்தார்கள். எடுத்துப்போக வேண்டிய வண்டிக்காரன் முந்தாநாள் காலையில் போன் செய்து, ஆக்சில் போய்விட்டது என்றான். திறந்த ஆட்டோவில் ஒன்பதடி நீளம் நிற்காது. மனைவி யாரிடமும் கேட்காமல் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

நேற்றுக் காலை கார் வந்து நின்றது. மச்சான் இறங்கினார். சாவியைத் தங்கை கையில் கொடுத்தார். கடைக்குள் வரவில்லை. “பாத்து ஓட்டச் சொல்லு” என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் போய்விட்டார்.

“பாத்து ஓட்டச் சொல்லு. எங்கிட்டச் சொல்ல வாய் வரல பாரு” என்றார் டெய்லர்.

“காரைக் குடுத்திருக்கார்ல? அதுவே பேசின மாதிரிதான்” என்றாள் மனைவி. பிறகு அவள் சொன்னதுதான் டெய்லரின் நெஞ்சில் குண்டூசி மாதிரிக் குத்திக்கொண்டிருந்தது. “இதுல ஒரு கீறல் விழுந்துச்சுன்னா, அப்புறம் எங்கண்ணன் வீட்டு வாசலை நான் சாகிற வரைக்கும் மிதிக்க முடியாது. ஞாபகம் வெச்சுக்குங்க.”

அதை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் காலை ஆறு மணியிலிருந்து வேலை நடந்தது. காரின் முன்பெட்டியில் இருந்த புத்தகத்தை எடுத்து மனைவி எழுத்துக்கூட்டிப் படித்தாள். கூரை ஐம்பது கிலோ தாங்கும், கேரியரின் எடையையும் சேர்த்து. திரையைக் குழாயோடு அரிசிக்கடைத் தராசில் நிறுத்தாயிற்று. முப்பத்தெட்டு. கேரியர் ஆறு. ஆக நாற்பத்து நாலு. அதில் குறையில்லை. கூரையை இரண்டு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். ரப்பருக்கு அடியில் ஒரு மண் துகள் இருந்தால்கூட அது உப்புத்தாள் மாதிரி பெயிண்டைத் தின்றுவிடும் என்று ஸ்பேர் பார்ட்ஸ்காரர் சொல்லியிருந்தார். எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள்.

அப்படியும் கொக்கி கவ்வவில்லை.

மனைவி சுற்றி வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கம்பியைப் பார்த்தாள். வலது பக்கக் கொக்கியை விளிம்பில் மாட்டினால், இடது பக்கக் கொக்கி காற்றில் தொங்கியது. இடதை மாட்டினால் வலது தொங்கியது.

“கம்பி நீளமா இருக்குங்க.”

“அளவு குடுத்து செஞ்சது. எப்படி நீளமாகும்?”

“யாரு அளவெடுத்தது?”

“நான்தான். நேத்து. டேப்பை வெச்சு. முப்பது வருஷமா டேப்பு பிடிக்கிற கை.”

அவள் டெய்லரின் கழுத்தில் மாலைபோல் தொங்கிய டேப்பை உருவினாள். ஒரு நுனியை அவர் கையில் கொடுத்து, மறு நுனியை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

“நாப்பத்தி நாலு இஞ்ச்.”

“அதானே!”

“நீங்க எவ்வளவு எழுதிக் குடுத்தீங்க?”

டெய்லர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். பார்த்தார். திரும்பவும் பையில் வைக்கப் போனார். அவள் பிடுங்கிக்கொண்டாள். அவருடைய கையெழுத்தில் பளிச்சென்று இருந்தது: 45.

ஒரு நிமிடம் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“ஏங்க... காருக்கு லூஸ் விட்டீங்களா?”

டெய்லர் எதிர்க்கடையைப் பார்த்தார். “கை பழக்கத்துல எழுதிடுச்சு.”

“காரு சாப்பிட்டதும் வயிறு உப்புமா? இல்ல, அடுத்த வருஷம் வளந்துடும்னு விட்டீங்களா?”

“சிரிக்காத.”

“துவைச்சா சுருங்கிடும்னு நெனச்சீங்களோ என்னமோ!”

“மணி எட்டரை ஆகுது. நீ சிரிச்சுட்டே நில்லு. சாயங்காலம் மண்டபத்துல வந்து திரைக்குப் பதிலா நீ நில்லு.”

தைக்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. மார்பு முப்பத்தாறு என்றால் துணியில் நாற்பது போடுகிற கை. அளந்ததை அளந்தபடியே எழுத அதற்குத் தெரியாது. உடம்பு அசைய வேண்டும், மூச்சு விட வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்து விட்டுப் பழகியது. இரும்புக்கும் விட்டுவிட்டது.

டீக்கடையிலிருந்து இரண்டு டீயும் இரண்டு பன்னும் வந்தன. நின்றுகொண்டே முடித்தார்கள். வானம் மேற்கே லேசாகக் கறுத்திருந்தது. கம்பிகளைப் பின்சீட்டில் பழைய போர்வையால் சுற்றி வைத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ்காரர் சீட்டைப் பார்த்தார். காரைப் பார்த்தார். டெய்லரைப் பார்த்தார்.

“நான் நேத்தே நெனச்சேன். இந்த மாடலுக்கு நாப்பத்தி நாலுதானேன்னு. ஆனா டெய்லராச்சே, டேப்பு பிடிக்க உங்களுக்கா சொல்லித் தரணும்னு விட்டுட்டேன்.”

“லூஸ் விட்டுட்டாருங்க” என்றாள் மனைவி.

“என்னது?”

“காருக்கு. தாராளமா இருக்கட்டும்னு.”

ஸ்பேர் பார்ட்ஸ்காரர் சிரிக்க ஆரம்பித்தால் லேசில் நிறுத்துகிறவர் இல்லை. சிரித்துக்கொண்டே கம்பிகளை மேசைப் பிடியில் மாட்டினார். சிரித்துக்கொண்டே சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டார். “அறுக்க வேணாம். ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் உள்ள தள்ளிப் புது ஓட்டை போட்டுக் காலை மாட்டிடலாம். நீங்க பட்டனை நகத்தித் தைக்கிற மாதிரிதான்.” டிரில் ஓட்டினார். இரும்புத் தூள் சுருள் சுருளாக விழுந்தது.

“பெரிய கேரியர் கேட்டு வர்றவங்க நெறைய. பாக்க கெத்தா இருக்கும்னு” என்றார் வேலையின் நடுவே. “நான் குடுக்க மாட்டேன். காருக்கு எது ஒட்டுமோ அதுதான். இது மொட்டை டாப்பு, மேல பிடிக்கக் கம்பி எதுவும் இல்ல. கதவுச் சட்டத்துல கவ்வுற கொக்கிதான் சரி. திருகும்போது ஒரே பக்கமா முறுக்காதீங்க. இந்தப் பக்கம் ரெண்டு சுத்து, அந்தப் பக்கம் ரெண்டு சுத்து. கை இறுக்கம் போதும். கோவத்துல முறுக்கினா சட்டம் நெளிஞ்சுடும், அப்புறம் மழைத்தண்ணி உள்ள வரும்.”

“முதல்ல லேசா டாக்கா போட்டு நிறுத்திட்டு, அப்புறம் அழுத்தித் தைக்கிற மாதிரி” என்றார் டெய்லர்.

“அப்படியே வெச்சுக்குங்க.”

கடை வாசலில் நிழல் இல்லை. வெயில் சாய்வாகக் காரின் மேல் விழுந்தது. முன்கம்பியை மாட்ட ஸ்பேர் பார்ட்ஸ்காரர் காரின் கதவைத் திறந்து அதன் படியில் ஏறினார். ஏறியவர் ஒரு கணம் நின்றார்.

“இது எப்படி ஆச்சு?”

“எது?”

“இங்க வந்து பாருங்க. அங்கேர்ந்து தெரியாது.”

டெய்லர் மறுபக்கப் படியில் ஏறினார். பார்த்தார்.

கூரையின் வலது பாதியில், கிட்டத்தட்ட நடுவில், ஒரு பள்ளம். உள்ளங்கை அகலம். ஆழமில்லை. சாய்ந்த வெயில் அதில் மட்டும் தேங்கி நின்றது. பள்ளத்திலிருந்து பின்பக்கமாக மயிரிழை மாதிரி ஒரு கோடு.

காலையில் கேட்ட ‘ணங்’ இப்போது இன்னொரு முறை கேட்டது, அவருக்கு மட்டும்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். தானும் ஏறிப் பார்த்தாள். இறங்கினாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

கம்பிகள் இரண்டும் இம்முறை பிசகாமல் உட்கார்ந்தன. ரப்பர் கூரையோடு ஒட்டியது. கொக்கிகள் நாலும் கவ்வின. ஸ்பேர் பார்ட்ஸ்காரர் கம்பியைப் பிடித்து ஆட்டினார். கார்தான் ஆடியது, கம்பி ஆடவில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட இருவருக்கும் மனம் இல்லை.

திரும்பி வந்து தங்கள் கடை வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் டெய்லர் வாயைத் திறந்தார்.

“முதல்ல திரையைக் கொண்டுபோய் மாட்டிட்டு வந்துடுவோம். அப்புறம் ஒரு டிங்கர் ஆளைப் பிடிச்சு, அடியிலேர்ந்து தட்டி எடுத்துடலாம். தெரியாது.”

“எங்கண்ணனுக்கா தெரியாது? மாத்திரையில ஒரு ஓரம் உடைஞ்சிருந்தாலே தனியா எடுத்து வெக்கிறவரு.”

“அப்ப என்ன பண்ணச் சொல்ற?”

“நான் எதுவும் சொல்லலங்க. நீங்க அன்னைக்கு அவர்கிட்ட என்ன சொன்னீங்களோ, அதை நெனச்சுப் பாருங்க. போதும்.”

அன்றைக்குச் சொன்னது டெய்லருக்கு மறக்கவில்லை.

இந்தக் கடை திறந்த நாள். அதுவரை வீட்டின் முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தவர் முதன்முதலாக ஒரு கடைக்காரர் ஆன நாள். மச்சான்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று டெய்லர் சொல்லி வைத்திருந்தார். பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றுக்கும் வரவில்லை, பன்னிரண்டுக்கும் வரவில்லை. வந்த நாலு பேரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் டெய்லரே கதவைத் திறந்துகொண்டார். சாயங்காலம் மச்சானிடமிருந்து போன். “கடையில வேலை. வர முடியல மாப்ள.” அவ்வளவுதான்.

“வர முடியலன்னா வர முடியலன்னு காலையிலேயே சொல்லியிருக்கலாமே மச்சான்? நடந்ததை நடந்தபடி சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? உங்க வார்த்தையை நம்பி ஒரு பட்டன் காஜாகூட எடுக்க முடியாது” என்றார் டெய்லர்.

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. பிறகு இரண்டு வருடம்.

டெய்லர் கடைக்குள் போனார். வெட்டுமேசையின் மேல் சுருட்டிய திரை தார்ப்பாய்க்குள் கிடந்தது, யாரோ போர்த்திக்கொண்டு தூங்குவதுபோல. அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு போனை எடுத்தார். நம்பர் அவருக்கு மனப்பாடம்.

“மச்சான். நான்தான்.”

“சொல்லுங்க.”

“கேரியர் மாட்டும்போது தப்பு பண்ணிட்டேன். அளவு தப்பு. கம்பி துள்ளி டாப்புல விழுந்துடுச்சு. பள்ளம் ஆயிடுச்சு. மறைக்க வேணாம்னு பாத்தேன். நானே சரிபண்ணிக் குடுத்துடறேன். சத்தம் போடறதா இருந்தா இப்பவே போட்டுடுங்க.”

மச்சான் சத்தம் போடவில்லை. “எந்த இடத்துல?” என்றார்.

“வலது பக்கம். நடுவாட்டம்.”

“எவ்வளவு பெருசு?”

“ஒரு உள்ளங்கை அகலம். பின்னாடி ஒரு கோடும் போகுது.”

மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது காதில் விழுந்தது.

“திரையை ஏத்தாதீங்க. நான் வர்றேன்.”

போன் கட்டானது.

“என்ன சொன்னார்?” என்றாள் மனைவி.

“ஏத்தாதீங்கன்னார். வர்றாராம். காரை எடுத்துட்டுப் போகப் போறார்.”

அவள் தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இருபது நிமிடத்தில் மச்சான் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. டெய்லர் வாசலுக்கு வந்தார். “வாங்க மச்சான்” என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு முகத்துக்கு நேரே சொன்ன முதல் வார்த்தை. மச்சான் தலையசைத்தார். நேரே காரிடம் போனார். பள்ளத்தைப் பார்ப்பார் என்று டெய்லர் எதிர்பார்த்தார். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. கேரியரின் நாலு கால்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கொக்கிக்கு அடியில் விரல்விட்டு ரப்பரைத் தொட்டுப் பார்த்தார்.

“டாப்பைக் கழுவினீங்களா?”

“ரெண்டு தடவை.”

“கதவு நல்லா மூடுதா?”

“மூடுது.”

“சரி. அந்தப் பக்கம் பிடிங்க. ஏத்துவோம்.”

டெய்லர் மனைவியைப் பார்த்தார். அவள் டெய்லரைப் பார்த்தாள். மூவருமாகத் திரையைத் தூக்கி வந்தார்கள். மச்சான் முன்னே, டெய்லர் பின்னே, நடுவில் அவள்.

“இழுக்காதீங்க, தூக்குங்க. கம்பி மேல உராயக்கூடாது” என்றார் மச்சான். குழாய் இரண்டு கம்பிகளின் மேலும் நடுவாக உட்கார்ந்தது.

டெய்லர் கயிறு எடுத்து வந்தார். நைலான்.

“அது வேணாம்!” மச்சானின் குரல் இவ்வளவு உயர்ந்து தங்கையே கேட்டதில்லை. பிறகு தணிந்தார். “அது வழுக்கும் மாப்ள. முடிச்சு நிக்காது. பெயிண்டையும் அறுக்கும்.” பையிலிருந்து நாலு பட்டைப் பெல்ட்டுகளை எடுத்தார். புதிது இல்லை. ஆனால் சுத்தமாகச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தது. “பெல்ட்டுல ஒரு முறுக்கு விட்டுக் கட்டுங்க. தட்டையா விட்டா ஓடும்போது காத்துல விர்ருன்னு கத்தும்.”

கம்பிக்கு ஒன்றாக இரண்டு. பிறகு அவர் குனிந்து முன்பக்கம் இழுவைக் கொக்கியில் ஒன்று, பின்பக்கம் ஒன்று கட்டினார்.

“இது எதுக்கு மச்சான்? நடுவுல கட்டினதே அசையலையே.”

“நிக்கும்போது அசையாது. பிரேக் அடிக்கும்போது முன்னாடி பாயும்.” பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். “பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒரு தடவை தொட்டுப் பாருங்க. அப்புறம் ஒரு தடவை.”

டெய்லருக்கு ஆச்சரியம். இருமல் மருந்து விற்கிற மனிதருக்குக் காரின் தலையில் சுமை கட்டுகிற வித்தை எப்படி இவ்வளவு தெரியும்? மேற்கேயிருந்த கறுப்பு கரைந்து வெயில் மறுபடி வந்திருந்தது. மணி பதினொன்று. புறப்பட வேண்டியதுதான்.

மனைவி இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். மச்சான் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்குள் வரவில்லை என்றாலும் வாசற்படி வரை வந்து நின்றார்.

டெய்லரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“மச்சான், வந்ததுலேர்ந்து அந்தப் பள்ளத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. திட்டணும்னா திட்டிடுங்க. உள்ள வெச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு வருஷம் ஓட்ட வேணாம். எனக்கும் வயசாகுது.”

“அண்ணா, அவர் வேணும்னு பண்ணலண்ணா” என்றாள் மனைவி.

மச்சான் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக. அவசரமில்லாமல்.

“அது நீங்க போட்டது இல்ல மாப்ள.”

“இல்ல மச்சான், நான்தான். சத்தம் கேட்டுச்சு. இவளுக்கும் கேட்டுச்சு.”

“உங்க கம்பி விழுந்து அந்தக் கோடு வராது. அது ரெண்டு வருஷப் பள்ளம். நான் போட்டது. டிங்கர் எடுத்துத் தரேன்னுதான் சொன்னான். நான்தான், ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு, வேணாம்னுட்டேன்.”

டெய்லர் சாவியைக் கையில் வைத்தபடி நின்றார்.

“ட்ரையல் ரூமுக்கு ஒரு ஆளுயரக் கண்ணாடி வாங்கியிருந்தேன். தேக்குச் சட்டம். கடை திறக்கும்போது கொண்டுவந்து இறக்கணும்னு. கேரியர் கிடையாது. நைலான் கயித்துல, ஜன்னல் வழியா விட்டு டாப்பு மேல கட்டிட்டு வந்தேன். உங்க தெரு முனையில ஒரு பொண்ணு சைக்கிள்ல குறுக்கே வந்துடுச்சு. பிரேக் அடிச்சேன். சட்டத்தோட மூலை டாப்பைக் கீறிக்கிட்டே வந்து நடுவுல இறங்கி, கண்ணாடி முன்னாடி பாய்ஞ்சு ரோட்டுல விழுந்துச்சு. முழுசா ஒரு துண்டு மிஞ்சல.”

மனைவியின் கை டம்ளரோடு அப்படியே நின்றது.

“வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு இருந்துச்சு. ரோட்டுல கண்ணாடி கிடக்கு, யார் கால்லயாவது ஏறிடும்னு பொறுக்கிட்டிருந்தேன். அங்கேர்ந்து உங்க கடை வாசல் நல்லாத் தெரியும் மாப்ள. நீங்க நாலு தடவை வெளிய வந்து ரோட்டைப் பாத்தீங்க. நாலாவது தடவை நான் எழுந்து கையைத் தூக்கினேன். நடுவுல ஒரு பஸ் போச்சு. பஸ் போனதும் பாத்தா, நீங்களே கதவைத் திறந்துட்டு உள்ள போயிட்டிருந்தீங்க. அப்புறம் எந்த முகத்தோட உள்ள வர்றது, கடையில வேலைன்னு சொல்லிட்டேன்.”